முன்னறையில் ஒரு எஞ்சின்

டீசல் வாடை வெள்ளைத் துணியில் ஏறிவிட்டால் எந்த சோப்புக்கும் போகாது. வெயிலில் காயப்போட்டால் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சம்பழம் தேய் என்பார்கள், உப்புத்தண்ணீரில் ஊறவை என்பார்கள், எல்லாம் சும்மா. தையல் வேலை செய்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஐயா.

ஸ்டேஷனில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "மெதுவா சொல்லுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறீர்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று எங்கள் வாசலில் நின்றுகொண்டு என் கொழுந்தனிடம், "கவனக்குறைவுதான், வேற என்ன சொல்றது" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் மேல் ஆயிரம் குறை உண்டு, நானே உட்கார வைத்துச் சொல்வேன். கவனக்குறைவு மட்டும் அவரிடம் கிடையாது. இருந்திருந்தால் நாங்கள் இருவரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

எங்கள் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். எந்த வால்வு தட்டுகிறது, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடுத்தவர் வண்டியென்றால் காலையில் திறந்து மாலையில் மூடிக் கொடுத்துவிடுவார். சொந்த வண்டியைத்தான் அவரால் வீட்டுக்கு அனுப்பவே முடியவில்லை.

அந்த பிக்கப் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரிடம் இருந்தது. வீடு மாறுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இறக்குவது அவர் தொழில். வண்டியின் உடம்புக்கு ஒன்றும் கேடில்லை. எஞ்சின்தான் தேய்ந்துபோயிருந்தது. டீசல் குடிக்கிற அளவுக்கு ஆயிலும் குடிக்கும். காலையில் உயிர் வராது. தெருவில் இருக்கிற ஆண்களெல்லாம் பல் தேய்த்த வாயோடு வந்து தள்ளுவார்கள். ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டதும் அது விடுகிற கரும்புகையில் தள்ளியவர்கள் யார் யார் என்றே தெரியாது. இருமல் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது யாரோ ஒருவரின் அலமாரியோடு நின்றுவிட்டது. அத்தோடு, "எஞ்சின மாத்திட வேண்டியதுதான்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். அதை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றிலிருந்து நல்ல எஞ்சின் ஒன்று பழைய சாமான் கிடங்கில் கிடைத்தது. கொழுந்தன் சங்கிலிக் கப்பி கொண்டுவந்தான். இரண்டு பேருமாக அதை இறக்கினார்கள். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அன்று மழை வரும்போல் இருந்தது.

"இங்க பாரேன், ஒரு நாளைக்கு மட்டும் உன் ரூம்ல வச்சுக்கறேன். நாளைக்கு வண்டில ஏத்திடுவேன்" என்றார்.

என் ரூம் என்று அவர் சொன்னது எங்கள் முன்னறையை. ஜன்னலோரம் என் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற மேசை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அடுப்படி எல்லாருக்கும் பொது, படுக்கை இருவருக்கும் பொது. முன்னறைக்குள் மட்டும் வருகிறவர்கள் என்னைக் கேட்டு வருவார்கள். நான் சரி என்றேன். ஒரு நாள்தானே.

அப்படியே தூக்கி மாட்டியிருந்தால் மறுநாளே முடிந்திருக்கும். ஆனால் டாக்டர் அல்லவா. "மாட்டறதுக்கு முன்ன ஒரு தடவ தொறந்து பாத்துடறேன்" என்றார். திறந்தார். திறந்தால் பார்க்கத்தான் எத்தனை இருக்கிறது. பிஸ்டன் வளையம் சரியில்லை என்றார். சரி செய்தார். பிறகு ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பினார். வந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பினார். பழைய எஞ்சினையும் வண்டியிலிருந்து கழற்றினார். தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். "அதுலேர்ந்து ஏதாவது தேவப்படும்" என்று அதையும் முன்னறைக்கே கொண்டுவந்தார். நான் நின்று துணி வெட்டிய இடத்தில் இரண்டு எஞ்சின்கள், ஒன்று குணமாகாதது, ஒன்று குணமானதை டாக்டர் நம்பாதது. என் மேசை மேல் போல்ட்டுகள், வாஷர்கள், டப்பாவில் டீசல். டார்ச் விளக்கை நான் பிடிக்க வேண்டும். சற்று அசைந்தால், "நேரா பிடி" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கொழுந்தன் சொல்லிப் பார்த்தான். "அண்ணே, பட்டறையில விட்டா நாலு நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாங்க. அண்ணி பாவம்" என்றான்.

"அடுத்தவன் கை பட்டா எனக்குச் சரி வராதுடா."

"உன் கை பட்டும்தான் சரி வரல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சமயத்தில் சிரிக்க முடிந்தது.

பக்கத்துத் தெரு டீச்சர் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது அவர்தான். எல்லாம் வெள்ளைச் சட்டை. தைத்து, தேய்த்து, மடித்து, முன்னறையில் அடுக்கி வைத்திருந்தேன். கேஸ்கெட் எங்கே என்று தேடிய என் வீட்டுக்காரர் அந்த அடுக்கை நகர்த்திவிட்டார். நகர்த்துகிறவர் கையைத் துடைத்துவிட்டுத்தான் நகர்த்தினார். கவனமானவர் என்றுதான் சொல்கிறேனே. துடைத்த துணியே டீசலில் ஊறியது என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. மேலே இருந்த சட்டையில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. வாடை அடிச் சட்டை வரை இறங்கியிருந்தது. டீச்சர் ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தார், மடித்து வைத்தார், "பரவால்லம்மா, அடுத்த தடவ பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை வரவில்லை. மற்றவர்களும் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தினார்கள். வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வேலை அதிகமோ, அப்புறம் வருகிறேன் என்பார்கள். எனக்கு வேலையே இல்லை.

நான் கத்தவில்லை, ஐயா. அதைச் சொல்லிவிட வேண்டும். தட்டை வீசவில்லை, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டவில்லை. எப்போது முடியும் என்று மட்டும் கேட்பேன். "இந்த வாரம்" என்பார். மனப்பூர்வமாகச் சொல்வார், அதுதான் கொடுமை. பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம். தான் சொல்வதை நம்புகிறவரோடு என்ன செய்வது. இப்படியே வருடங்கள் போயின. பேச்செல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

ஒரு நாள் மாட்டியேவிட்டார். நம்ப மாட்டீர்கள், நானே நம்பவில்லை. கொழுந்தன் கப்பியை இழுக்க, அவர் உள்ளே குனிந்து கையால் வழிகாட்ட, எஞ்சின் முனகாமல் போய் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினார். ஒரே முறை. அவ்வளவு அழகான சத்தம் அந்த வண்டியிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. புகை இல்லை. எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, இனி உடற்பயிற்சிக்கு எங்கே போவது என்று கேலி செய்தார்கள். அவர் கண் கலங்கி நின்றார். எனக்கும் கலங்கியது. பழைய எஞ்சினைக் கிடங்குக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

முன்னறையை நான் கழுவினேன். தரையைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். சுவருக்கு நானே வெள்ளையடித்தேன். மேசைக்குப் புது விரிப்பு. டீச்சரைப் போய்க் கூட்டிவந்தேன். அவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், பிறகு உள்ளே வந்தார். மறுநாள் வெள்ளைத் துணி வந்து இறங்கியது. இந்த முறை பள்ளிக்கூடம் முழுவதற்கும். "இந்தத் தடவ என் பேரக் காப்பாத்தணும்" என்று டீச்சர் சொன்னார். இந்த முறையும் கெட்டுப்போனால் இனி நூல் கோக்கக்கூட என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை.

புது எஞ்சின் மாட்டினால், ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க, சில நாட்களுக்கு வண்டிக்கு அடியில் அட்டை போட்டு வைப்பது அவர் வழக்கம். காலையில் எழுந்ததும் அட்டையைத்தான் பார்ப்பார். முதல் வாரம் அவர் பார்த்த அட்டைகளெல்லாம் சுத்தமாக இருந்தன. ஏனென்றால் அவருக்கு முன்னே எழுந்து நான் அட்டையை மாற்றிவிடுவேன்.

ஒரே ஒரு சொட்டு, ஐயா. சில நாள் அதுவும் இருக்காது. கொழுந்தன் வண்டியில் ஒரு குவளை ஒழுகும், அவன் ஊர் முழுக்க ஓட்டுகிறான். இதை எதற்கு அவர் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பழைய அட்டையைக் கிழித்து அடுப்பில் போடுவேன், புதியதைப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து வருவார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அதுதான் நல்ல வாரம்.

பிறகு ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அவர் அட்டையோடு உள்ளே வந்தார். யாரோ செத்துப்போன செய்தி கொண்டுவந்தவர் மாதிரி முகம்.

"பின்னாடி ஆயில் சீல் போயிருக்கு. மறுபடி கழட்டணும்" என்றார்.

"ஒரு சொட்டுதானேங்க."

"இன்னிக்கு ஒரு சொட்டு."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீ பயப்படாத. எஞ்சின எறக்கல. உன் ரூமுக்குள்ள வர மாட்டேன். வண்டிய ஏத்தி வச்சு, கீழ படுத்து, கியர்பாக்ஸ மட்டும் கழட்டி அந்த வழியாவே சீல மாத்திடறேன். கஷ்டம்தான், பரவால்ல."

எஞ்சினை மேலிருந்து தூக்குவது அவருக்குச் சுலபம். மூட்டு வலிக்காரர், கீழே படுத்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். எனக்காகத்தான் கீழே போனார். அதை நான் மறைக்க மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மற்றவர்களுக்கு விளங்காத ஒரு முறை எங்களுக்குள் இருந்தது. வண்டியை ஜாக் வைத்துத் தூக்குவது அவர். இரண்டு பக்கமும் கட்டை அடுக்கி முட்டுக் கொடுப்பது நான். அவருக்குக் குனிந்து நிமிர்ந்து இரண்டு பக்கமும் சுற்றிவர முடியாது. அதனால், "கட்டை வச்சாச்சா?" என்று கேட்பார். "வச்சாச்சு" என்பேன். அதன் பிறகுதான் உள்ளே நகர்வார். ஒரு முறைகூடக் கேட்காமல் போனதில்லை. ஒரு முறைகூடத் தானே எட்டிப் பார்த்ததும் இல்லை. எஞ்சினுக்குள் தன் கையைத் தவிர வேறு கையை நம்பாத மனிதர், தன் நெஞ்சுக்கு மேல் இருப்பதை என் வார்த்தையில் விட்டிருந்தார். இதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்றீர்கள்.

காய்ச்சல் விட்டதும் வேலையைத் தொடங்கினோம். முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சாய்த்து வைத்தார். நான் கட்டை வைத்தேன். காலை முழுவதும் கீழே படுத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். தேநீருக்கு வெளியே வந்தார். முகமெல்லாம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. கியர்பாக்ஸை வெளியே இழுக்க உயரம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும், கட்டையை எடுத்துவிட்டு உயரமாக அடுக்கலாம் என்றார். நான் இந்தப் பக்கக் கட்டையை எடுத்தேன். அந்தப் பக்கத்தையும் எடுத்தேன். அவர் ஜாக்கை அடித்து ஏற்றினார்.

ஏற்றிக்கொண்டே சொன்னார்: "கியர்பாக்ஸ கழட்டினா மண்ணுல வைக்க முடியாது. தூசு போயிடும். ஒரு நாளைக்கு மட்டும் உன் ரூம் ஓரமா வச்சுக்கறேன். சரியா?"

நான் சரி என்றேன். முன்னறையில் வெள்ளைச் சட்டைகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன.

அவர் கீழே உட்கார்ந்து, கையை ஊன்றிச் சாய்ந்து, "கட்டை வச்சாச்சா?" என்றார். கட்டை என் கையில்தான் இருந்தது. கனமான கட்டை. அதைச் சத்தமில்லாமல் சுவரோரம் வைத்தேன்.

"வச்சாச்சு" என்றேன்.

அவர் உள்ளே நகர்ந்தார்.

எங்கள் ஜாக் பழசு, உள்ளே ஆயில் கசியும். ஏற்றி வைத்தால் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அது தெருவுக்கே தெரியும். அதனால்தான் கட்டை. நான் கட்டை வைக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செய்யாமல் விட்டதைக் குற்றம் என்று சொன்னால், வருடக் கணக்காக ஒரு வேலையை முடிக்காமல் விட்டவரை என்ன சொல்வது. இப்படியெல்லாம் எனக்குள் நியாயம் பேசிக்கொண்டேன், ஐயா. நியாயம்போலத்தான் இருந்தது.

கீழிருந்து கேட்டார். "ஏம்மா, வண்டி எறங்குற மாதிரி இருக்கே?"

"இல்லைங்க. அப்படியேதான் இருக்கு."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"சரி" என்றார். மறுபடி ஸ்பேனர் சத்தம் கேட்டது. அவர் முதுகுக்கும் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும், இருந்தாலும் என் பேச்சை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு முறை என்னைக் கூப்பிட்டார். முழுதாகக் கூப்பிடவில்லை. நான் உள்ளே போய்க் கை கழுவினேன். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு, மெஷினில் உட்கார்ந்து, காலர் வைக்க வேண்டிய சட்டைகளுக்குக் காலர் வைத்தேன். கொழுந்தன் வந்து வாசலில் அலறியபோதுதான் எழுந்தேன். ஓடிவந்தவர்களோடு நானும் அழுதேன், அந்த அழுகை பொய்யில்லை. அவரைப்போல வேலை தெரிந்தவர் கிடைக்க மாட்டார். கூட்டம் கலையும் முன்பே கட்டைகளை வண்டியருகே தள்ளிவிட்டேன், சரிந்து விழுந்தவைபோல இருக்கட்டும் என்று. அதைப் பார்த்துத்தான் நீங்கள், அவர் சரியாக முட்டுக் கொடுக்கவில்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

சீருடைகளை டீச்சர் துக்கம் விசாரிக்க வந்தபோதே கொடுத்து அனுப்பினேன். எடுத்து முகர்ந்து பார்த்தார். எந்த வாடையும் இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். கேட்க வந்ததைக் கேளுங்கள். ஆமாம், கொழுந்தன் உங்களிடம் சொன்னது சரிதான். அந்த ஜாக் ராத்திரி முழுக்க நின்றால்தான் ஒரு சாண் இறங்கும். அவர் படுத்திருந்த உயரத்துக்குத் தானாக இறங்கி முடிக்க மறுநாள் காலை ஆகியிருக்கும். அதற்குள் அவர் வேலையை முடித்து வெளியே வந்திருப்பார். கியர்பாக்ஸ் முன்னறைக்கு வந்திருக்கும்.

இத்தனை வருடம் பொறுத்தவளுக்கு அன்று மட்டும் பொறுக்க முடியவில்லை, ஐயா. உள்ளே சட்டைகள் அப்படியே கிடந்தன. அதனால்தான் ஜாக்கை இறக்குகிற வால்வை நானே திருகித் திறந்தேன்.